ஷொஸ்ரகோவிச்சின் எட்டாவது நால்வர் இசை: பழம்பொருளும் புதுப்படைப்பும்

கலைஞன் ஒருவன் தனது முன்னைய ஆக்கங்களிலிருந்து பொருளை மீளவும் எடுத்துப் புதியதோர் ஆக்கத்தைப் படைத்தல் ஐரோப்பிய இசை மரபில் அரிதான நிகழ்ச்சியன்று. பிரான்ஸ் ஷூபேர்ட் 1817இல் ‘மரணமும் கன்னியும்’ என்னும் சிறு பாடலொன்றை இயற்றினார். ஏழாண்டுகள் கழிந்தபின், 1824இல், அப்பாடலின் பியானோ இசையை அடிப்படையாகக் கொண்டு நால்வர் இசை ஒன்றின் இரண்டாம் பகுதியை விரித்தெழுதினார். யோகன்னெஸ் பிராம்ஸ் 1854இல் வெளியிட்ட தமது முதலாவது பியானோ மூவர் இசையை முதுமையில், 1889இல், மீள எடுத்து அதன் பெரும்பகுதியைப் புதிதாக எழுதினார். முன்னவர் பழையதை விரித்தார்; பின்னவர் பழையதைத் திருத்தினார். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது முறை ஒன்றும் உண்டு. பழைய பொருளை விரிக்காமலும் திருத்தாமலும், அது எக்காலத்துக்குரியது என்பதை அறிந்த செவி உடனே இனங்கண்டு கொள்ளும் வகையிற் புதிய ஆக்கத்தினுள்ளே நிறுத்துவதே அம்முறையாகும். சோவியத் இசைஞர் திமித்ரி ஷொஸ்ரகோவிச் 1960 யூலை மாதத்தில் எழுதிய எட்டாவது நால்வர் இசை இம்மூன்றாவது முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

நால்வர் இசை என்பது இரு வயலின்கள், ஒரு வியோலா, ஒரு செலோ ஆகிய நான்கு தந்திக் கருவிகளுக்காக எழுதப்படுவது. பெரிய வாத்தியக் குழுவுக்குரிய சிம்பனியினின்றும் வேறுபட்டு, ஓர் அறையினுள்ளே சிலர் கூடியிருந்து இசைத்தற்கும் கேட்டற்கும் உரியதாய் வளர்ந்தமையால், இது ‘அறை இசை’ எனப்படும் வகையைச் சாரும். சிம்பனி பொதுமன்றிற் பேசும் பேச்சை ஒத்தது எனின், நால்வர் இசை நண்பர் நடுவே நிகழும் உரையாடலை ஒத்தது எனலாம். ஷொஸ்ரகோவிச் தம் வாழ்நாளில் 15 சிம்பனிகளையும் 15 நால்வர் இசைகளையும் இயற்றினார். அவருடைய முதலாவது நால்வர் இசை 1938இலேதான் எழுதப்பட்டது. அதற்குமுன் அவர் ஐந்து சிம்பனிகளை எழுதி முடித்திருந்தார். பொதுமன்றிற் பேசுவது இடர்மிக்கதான பின்னரே அவர் இவ்வடிவத்தை நாடினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

எட்டாவது நால்வர் இசையின் முகப்பிற் பொறிக்கப்பட்ட காணிக்கை அதனைப் பாசிசத்துக்கும் போருக்கும் பலியானோரின் நினைவுக்கு உரியதாக்குகின்றது. ஆயின், அதனை எழுதி முடித்து ஒரு வாரத்தினுள்ளே, 1960 யூலை 19ஆந் திகதி, நெருங்கிய நண்பரான ஐசாக் கிளிக்மனுக்கு வரைந்த கடிதத்தில், தாம் இறந்தபின் தமது நினைவாக எவரும் இசை எழுதப் போவதில்லை என்று எண்ணித் தாமே அதனை எழுதிவிட்டதாகவும், அதன் முகப்பில் அதனை இயற்றியவரின் நினைவுக்கே காணிக்கை என்று எழுதலாம் எனவும் ஷொஸ்ரகோவிச் குறிப்பிட்டார். ஓர் ஆக்கத்துக்கு இரண்டு காணிக்கைகள். ஒன்று உலகறிய அச்சிடப்பட்டது, மற்றது ஒருவருக்கு மட்டும் எழுதப்பட்டது. இவற்றுள் எது உண்மை என்னும் வினாவே இவ்வாக்கம் பற்றிய விவாதங்களின் மையமாய் இருந்துவருகின்றது. அவ்வினா சரியான வினாதானா என்பதை, அவர் மீள எடுத்துக்கொண்ட பழம்பொருளைக் கொண்டே ஆராய்தல் பொருத்தமாகும்.

ஷொஸ்ரகோவிச் 1906 செப்ரெம்பர் 25ஆந் திகதி சென் பீற்றர்ஸ்பேர்க்கிற் பிறந்தார். இசைக் கல்லூரியிற் பயிற்சி நிறைவுக்காக அவர் எழுதிய முதலாவது சிம்பனி 1926 மே 12ஆந் திகதி, அப்பொழுது லெனின்கிராட் எனப் பெயர் மாறியிருந்த அதே நகரில், நிக்கொலாய் மால்கோவின் நெறியாள்கையில் அரங்கேறியது. பத்தொன்பது வயது மாணவர் ஒரேநாளிற் புகழ்பெற்றார். 1934 யனவரியில் அவருடைய ‘மிற்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மக்பெத்’ என்னும் ஒபெரா லெனின்கிராட்டில் அரங்கேறிப் பெருவரவேற்பைப் பெற்றது. 1936 யனவரி 26ஆந் திகதி மொஸ்கோவில் இந்நாடகத்தைக் காணவந்த ஸ்ராலின் அது முடிவதற்குமுன் வெளியேறினார். இரண்டு நாட்களின்பின் ‘பிராவ்தா’ நாளிதழிற் கையொப்பமின்றி வெளிவந்த கட்டுரை ஒன்று அவ்வொபெராவை இசைக்குப் பதிலான குழப்பம் எனத் தலைப்பிட்டுக் கண்டித்தது. நாடகம் மேடையினின்றும் அகற்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், ஒத்திகை நடந்துகொண்டிருந்த நான்காவது சிம்பனியும் மீளப் பெறப்பட்டது. அச்சிம்பனி 25 ஆண்டுகள் காத்திருந்து 1961 டிசம்பரிலேயே அரங்கேறியது.

1937இன் ஐந்தாவது சிம்பனி அவரை மீட்டது. போர்க்காலத்து ஏழாவது சிம்பனி முற்றுகையிடப்பட்ட லெனின்கிராட்டின் குரலாக உலகெங்கும் ஒலித்தது. எனினும், 1948 பெப்ரவரியில் வெளியான கட்சி மத்திய குழுவின் தீர்மானம் அவரையும் புறொக்கொபியேவ் முதலான ஏனையோரையும் உருவவாதிகள் எனக் குற்றஞ்சாட்டியது. மொஸ்கோ, லெனின்கிராட் இசைக் கல்லூரிகளில் அவர் வகித்த ஆசிரியப் பதவிகள் பறிபோயின. 1953 மார்ச்சில் ஸ்ராலின் இறந்தார். 1958இல் மத்திய குழு புதிய தீர்மானம் ஒன்றின் மூலம் முன்னைய கண்டனத்தின் தவறுகளை ஏற்றுக்கொண்டது. நெருக்கடி நீங்கிற்று என எண்ணக்கூடிய அக்காலத்திலேதான் வேறொரு வகையான நெருக்கடி தோன்றியது. 1960இல் ருசியக் குடியரசின் இசைஞர் சங்கத்துக்கு முதற் செயலாளராக அவர் தெரிவு செய்யப்பட்டார். அப்பதவியோடு கட்சி உறுப்புரிமையும் எதிர்பார்க்கப்பட்டது. கண்டனங்கள் உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் கட்சியிற் சேராதிருந்தவர், அவை தணிந்தபின் சேர இணங்கினார். அவ்வாண்டு யூன் மாத இறுதியில் லெனின்கிராட்டில் தம்மைக் கண்டபோது அவர் இதனை எண்ணி அழுதார் எனக் கிளிக்மன் பிற்காலத்திற் பதிவு செய்துள்ளார்.

இந்நிலையிலேயே அவர் கிழக்கு ஜேர்மனிக்குப் பயணமானார். லேவ் அர்ன்ஷ்தாம் நெறிப்படுத்திய ‘ஐந்து பகல்கள், ஐந்து இரவுகள்’ என்னும் திரைப்படத்துக்கு இசை அமைப்பதே பயணத்தின் நோக்கம். போரின் முடிவில் டிரெஸ்டன் நகரத்து ஓவியச் சேகரத்தைச் சோவியத் படையினர் மீட்டமையே அப்படத்தின் கதை. 1945 பெப்ரவரி 13 முதல் 15 வரை நிகழ்ந்த பிரித்தானிய, அமெரிக்க விமானத் தாக்குதல்களில் டிரெஸ்டனின் நடுப்பகுதி எரிந்தழிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர் என்பது பிற்கால வரலாற்று ஆய்வுக்குழுவின் முடிவாகும். 15 ஆண்டுகள் கழிந்தும் அழிவின் சுவடுகள் நகரின் நடுவே எஞ்சியிருந்தன. நகருக்கு அண்மையில், மலைப்பாங்கான கோரிஷ் என்னும் சிற்றூரில் இசைஞர் தங்க வைக்கப்பட்டார். அங்கு திரைப்பட இசையை எழுதவேண்டியவர், யூலை 12 முதல் 14 வரையான மூன்று நாட்களில் நால்வர் இசையை எழுதி முடித்தார்.

மூன்று நாட்களில் முடிந்தமை வியப்புக்குரியதே. ஆயின், அம்மூன்று நாட்களுக்கு வேண்டிய பொருள் முப்பத்தைந்து ஆண்டுகளாகத் திரண்டுவந்தது என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். ஐந்து பகுதிகளைக் கொண்ட இவ்வாக்கம் இடையீடின்றி ஏறத்தாழ இருபது நிமிடம் இசைக்கப்படுவது. அதனை ஒன்றுபடுத்துவது நான்கு சுரங்களாலான சிறு கோவையாகும். ஜேர்மன் மொழியிற் சுரங்களுக்கு எழுத்துப்பெயர் வழங்கும் முறைப்படி அச்சுரங்கள் டே, எஸ், ட்சே, ஹா எனப்படும். இசைஞரின் பெயரை ஜேர்மன் முறையில் எழுதினால் அதன் முதலெழுத்தும், குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்துக்களும் இவையே. ட்சேயை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் இக்கோவை சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், ஷட்ஜம், கீழ்ஸ்தாயிக் காகலி நிஷாதம் என அமையும். நெருங்கிய சுரங்கள் நான்கு, ஒரு சிறு வட்டத்தினுள்ளே எழுந்து தாழ்ந்து அடங்குகின்றன. பாஹ் தமது பெயரின் எழுத்துக்களை ‘பியூக் கலை’யிற் சுரங்களாக அமைத்தமை இதற்கு முன்னோடியாகும். ஷொஸ்ரகோவிச் இம்முத்திரையை 1953இன் பத்தாவது சிம்பனியில் ஏற்கனவே வெளிப்படப் பயன்படுத்தியிருந்தார். ஆகவே முத்திரையும் பழம்பொருளே.

முதலாம் பகுதி இம்முத்திரையோடு தொடங்குகின்றது. செலோ அதனை மெல்ல எடுத்துக் கொடுக்க, ஏனைய கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஏற்கின்றன. அதனையடுத்து 1926இல் அவருக்குப் புகழ் ஈட்டிக்கொடுத்த முதலாவது சிம்பனியின் தொடக்க இசைக்கரு கேட்கின்றது. அங்கு குறும்பும் துள்ளலும் கொண்டிருந்த அதே சுரங்கள் இங்கு தளர்ந்து நடக்கின்றன. ஒரு சுரமும் மாறாமலே பொருள் மாறிவிடுதல் மேற்கோளின் ஆற்றலாகும்.

இரண்டாம் பகுதி சீற்றமிக்க விரைவோடு பாய்கின்றது. அதன் உச்சத்தில் 1944இல் எழுதிய இரண்டாவது பியானோ மூவர் இசையின் இறுதிப் பகுதியிலுள்ள யூத நடன இசைக்கரு வெடித்தெழுகின்றது. அம்மூவர் இசை, அவ்வாண்டு பெப்ரவரியில் மறைந்த அவருடைய உற்ற நண்பரும் இசையறிஞருமான இவான் சொல்லெர்தின்ஸ்கியின் நினைவுக்குரியது. அதே ஆண்டின் நடுப்பகுதியிற் செஞ்சேனை மைடனெக் வதைமுகாமைக் கைப்பற்றியபோது, நாசிகள் யூதர்க்கு இழைத்த கொடுமை வெளியுலகுக்குத் தெரியலாயிற்று. ஆகவே அவ்விசைக்கருவில் நண்பர் ஒருவரின் சாவும் ஓர் இனத்தின் அழிவும் ஒருங்கே தங்கியுள்ளன. மூன்றாம் பகுதி ஒரு வால்ட்ஸ் நடனம். முத்திரையே இங்கு எள்ளல் தொனிக்கும் நடனமாகின்றது. அதனிடையே 1959இல் ரொஸ்ற்றொப்போவிச்சுக்காக எழுதிய முதலாவது செலோக் கொன்சேர்ட்டோவின் தொடக்கம் தலைகாட்டுகின்றது.

இதுவரை வந்த முதன்மையான மேற்கோள்கள் மூன்றும் காலவரிசையில் அமைந்துள்ளமை நோக்கற்பாலது. இளமை, போர், சென்ற ஆண்டு என நிகழ்காலத்தை அண்மித்த இசை, நான்காம் பகுதியில் திடீரெனப் பின்னோக்கித் திரும்புகின்றது. நீண்டொலிக்கும் ஒற்றைச் சுரத்தின் மேல் மும்மூன்று வன்மையான அடிகள் விழுகின்றன. அவை குண்டுகளின் ஒலி என்பார் சிலர். நள்ளிரவிற் கதவைத் தட்டும் ஒலி என்பார் வேறு சிலர். அவற்றின் நடுவே ‘கொடிய அடிமையால் வதைக்கப்பட்டு’ என்னும் கருத்துப்படத் தொடங்கும் பழைய புரட்சிப் பாடலின் மெட்டு எழுகின்றது. ஜார் ஆட்சிக் காலத்தில், 1876இல், சிறையில் நோயுற்று இறந்த மாணவர் ஒருவரின் நினைவாகத் தோன்றிப் பின்னர் புரட்சியாளரின் இறுதி ஊர்வலங்களிற் பாடப்பட்டுவந்த பாடல் அது. அதனைத் தொடர்ந்து, செலோ தன் உச்ச நிலையில் நின்று, ‘லேடி மக்பெத்’ ஒபெராவின் இறுதி அங்கத்துக் கதாநாயகியின் குரலை இசைக்கின்றது. சைபீரியாவுக்கு நடத்திச் செல்லப்படும் கைதிகளுள் ஒருத்தியான கத்தரீனா, தன்னைக் கைவிடப்போகும் காதலனை அன்போடு அழைக்கும் இடம் அது. ஐந்தாம் பகுதியில் முத்திரை மீண்டும் தலைமை பெற்று, ஒலி மெல்லத் தேய்ந்து மறைகின்றது.

இப்பட்டியலை முன்வைத்து நோக்கும்போது, முன்னர் எழுப்பிய வினாவின் வடிவம் மாறிவிடுகின்றது. சோவியத் விமர்சகர் பலர் இவ்வாக்கத்தைப் பாசிச எதிர்ப்பின் வெளிப்பாடாகவே விளக்கினர். 1979இல் சொலமன் வொல்கொவ் நியூயோர்க்கில் வெளியிட்ட ‘சாட்சியம்’ என்னும் நூல் அதற்கு மாறாக, இது முற்றிலும் தன்வரலாறே என இசைஞர் கூறியதாக எழுதியது. இசைஞர் 1975இல் மறைந்தபின் வெளிவந்த அந்நூலின் நம்பகத்தன்மை 1980இல் லோரல் பே எழுதிய ஆய்வினாற் கேள்விக்குள்ளாயிற்று. தற்கொலைக்கு முன்னான விடைபெறலாகவே அவர் இதனை எழுதினார் என நண்பர் லேவ் லெபெடின்ஸ்கி பிற்காலத்திற் கூறினார். கிளிக்மனுக்கு எழுதிய கடிதங்கள் 1993இல் நூலுருப் பெற்றமையால், தன்வரலாற்று நோக்கு உறுதியான சான்றைப் பெற்றது. ஆயின், அக்கடிதத்திலும் தமது ஆக்கத்தைப் போலித் துன்பியல் என்று தாமே எள்ளி நகையாடுகின்றார். எழுதும்போது சிந்திய கண்ணீரைப் பற்றியும் வேடிக்கையாகவே பேசுகின்றார். தம் துயரை நேரே கூற நாணும் மனிதர் ஒருவரின் நடை அது. ஆகவே கடிதத்தை மட்டும் உண்மை எனவும் காணிக்கையை முகமூடி எனவும் கொள்ளுதல் வரலாற்று முறைக்கு ஒவ்வாது.

எடுத்தாளப்பட்ட பழம்பொருள் ஒவ்வொன்றும் தனிமனித வாழ்வும் பொது வரலாறும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியாகவே உள்ளது. மூவர் இசையில் நண்பரின் சாவையும் யூதரின் சாவையும் பிரித்தல் இயலாது. கத்தரீனாவின் குரல் ஒரு பாத்திரத்தின் குரல் மட்டுமன்று. 1936 முதல் சோவியத் மேடையில் ஒலிக்க இயலாது போன ஆக்கம் ஒன்றின் குரலுமாகும். அவ்வொபெரா திருத்தப்பட்ட வடிவில் மீண்டும் மேடையேறியது 1963 அளவிலேயே. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே அதன் பண் சொல்லின்றி, செலோவின் வாயிலாக, அரங்கினுள் புகுந்துவிட்டது. புரட்சிப் பாடலோ இன்னுங் கூர்மையானது. சிறைப்பட்டு இறந்த மாணவரைப் பாடிய அப்பாடலைத் தன் பெருமைக்குரிய மரபாகப் போற்றிய அரசே, பின்னர் சிறைகளையும் கைதிகளின் நெடும்பயணங்களையும் தொடர்ந்து நடத்தியது. அப்பாடலையும் கைதிப் பெண்ணின் குரலையும் அடுத்தடுத்து வைத்தமை ஒரு சொல்லும் உரைக்காமற் செய்யப்பட்ட கூற்றாகும். எவரும் அதனைக் கண்டிக்க இயலாது. ஏனெனில் பாடல் புரட்சிக்குரியது, ஒபெரா அவருக்கே உரியது.

பாசிசத்துக்குப் பலியானோர் என்னும் தொடர் இவ்விடத்தில் விரிந்த பொருள் கொள்கின்றது. டிரெஸ்டனில் எரிந்தோரும், மைடனெக்கில் மடிந்தோரும், சைபீரியப் பாதையில் வீழ்ந்தோரும், தம் ஒப்பத்தைத் தம் மனச்சாட்சிக்கு மாறாக இட நேர்ந்த இசைஞரும் அதனுள் ஒருங்கு நிற்கின்றனர். இவர்களின் துன்பங்கள் ஒரே அளவின அல்ல. உயிரிழந்தோர் வரிசையில் உயிரோடிருக்கும் ஒருவர் தம் பெயரை எழுதிக்கொள்ளலாமா என்னும் ஐயம் நியாயமானதே. அவ்வையம் இசைஞருக்கும் இருந்தது போலும். கடிதத்தின் எள்ளல் தொனிக்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆயினும் அவர் தம்மைத் தியாகியாகக் காட்டிக்கொள்ளவில்லை. தம் பெயரைப் பிறர் துயரங்களின் மேல் அமர்த்தவுமில்லை. அவற்றின் நடுவே மீண்டும் மீண்டும் தோன்றச் செய்தார். இக்காலத்தினூடாக வாழ்ந்தவன் ஒருவன் இங்கு நிற்கின்றான் என்னும் சாட்சியே அம்முத்திரை.

இவ்வாக்கம் 1960 ஒக்ரோபர் 2ஆந் திகதி லெனின்கிராட்டிற் பீதோவன் நால்வர் குழுவினால் அரங்கேற்றப்பட்டது. அக்குழுவின் முதல் வயலின் கலைஞர் திமித்ரி சிகனொவும், செலோக் கலைஞர் செர்கேய் ஷிரின்ஸ்கியும் 1944இல் அதே நகரில் மூவர் இசையை இசைஞருடன் சேர்ந்து முதன்முதலாக இசைத்தவர்களாவர். முதலாவது சிம்பனி, ‘லேடி மக்பெத்’, மூவர் இசை, செலோக் கொன்சேர்ட்டோ ஆகிய நான்கும் முதலில் ஒலித்ததும் அந்நகரிலேயே. பயங்கர ஆண்டுகளையும் முற்றுகையையும் தப்பிப் பிழைத்த மூத்த சுவைஞர் ஒருவர் அவ்வரங்கில் அமர்ந்திருந்தால், இவை யாவற்றையும் அவர் முன்னர் தம் செவியாற் கேட்டிருக்கக் கூடும். அத்தகையோருக்கு ஒவ்வொரு மேற்கோளும் ஓர் ஆண்டை நினைவூட்டியிருக்கும்; ஒவ்வோர் ஆண்டும் இல்லாது போன சிலரை நினைவூட்டியிருக்கும். அச்சிட்ட காணிக்கைக்கும் அந்தரங்கக் கடிதத்துக்கும் இடையே அவர்கள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னர் ருடொல்வ் பர்ஷாய் இதனைத் தந்தி வாத்தியக் குழுவுக்காக மாற்றியமைத்தார். இசைஞரின் இசைவு பெற்ற அவ்வடிவம் ‘அறைச் சிம்பனி’ என்னும் பெயரில் இன்றும் உலக அரங்குகளில் இசைக்கப்படுகின்றது. பழம்பொருளிற் பிறந்த ஆக்கம் தானும் பழம்பொருளாகி, மற்றோர் ஆக்கத்துக்கு இடங்கொடுத்துள்ளது.

பழையதை மீள எடுத்தல் கற்பனை வறுமையின் அடையாளம் என்னும் கருத்து இவ்வாக்கத்தின் முன் நிலைபெறாது. ஆவணங்கள் திருத்தப்பட்டும் பெயர்கள் நீக்கப்பட்டும் வந்த நாட்டில், கலைஞன் தன் ஆக்கங்களையே ஆவணங்களாகக் கொண்டு, தான் கண்ட காலத்தை அவற்றைக் கொண்டே எழுதினான். அவ்வெழுத்தை வாசிக்க விழைவோர் காணிக்கைப் பக்கத்தில் நின்றுவிடாமல், ஒவ்வொரு பண்ணும் முதலில் ஒலித்த ஆண்டையும் இடத்தையும் தேடிச் செல்லுதல் வேண்டும். கலை வரலாற்றை அரசியல் வரலாற்றோடு இணைத்துக் கற்போருக்கு எட்டாவது நால்வர் இசை இடும் பணி அதுவே எனலாம்.